கிரீன் டே கேட்கப் போகிறீர்களா? பேஸில் இருந்து தொடங்குங்கள்

கிரீன் டே அமெரிக்காவின் மூவர் குழு. வாசிப்பது பங்க், அதாவது வேகமும் சத்தமும் கொண்ட கலகக்கார ராக். அவர்களைப் பற்றி வந்த கேள்வி இதுதான்: "கிரீன் டே எல்லாப் பாட்டிலும் அதே மூன்று கார்டைத்தான் (கிட்டாரில் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) வாசிக்கிறார்கள். பங்க் ரசிகர்கள் அவர்களைப் பங்க்கே இல்லை என்று திட்டுகிறார்கள். மற்றவர்கள் பள்ளிக்கூடப் பையன்களின் இசை என்று ஒதுக்குகிறார்கள். அப்புறம் எப்படி இத்தனை வருஷமாக ஸ்டேடியம் நிரம்புகிறது? எந்த ஆல்பத்திலிருந்து கேட்க ஆரம்பிப்பது?"

நான் பேஸ் கிட்டார், அதாவது தாழ்ந்த சுரங்களுக்கான கிட்டார், வாசிப்பவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதனால் என் பதில் ஒரு பக்கம் கொஞ்சம் சாயும். ஆனால் இந்தக் குழுவைப் பொறுத்தவரை அப்படிச் சாய்வதற்கு நியாயம் இருக்கிறது என்பது என் கட்சி. கிரீன் டே பாட்டுகளில் கிட்டாரை மட்டும் கேட்டால் நீங்கள் சொல்வது சரிதான், நாலு பாட்டுக்குள் அலுத்துவிடும். பேஸும் டிரம்ஸும் என்ன செய்கின்றன என்று கவனித்தால் அதே பாட்டு வேறு பாட்டாகத் தெரியும். அந்த மூன்று, நான்கு கார்டுகளின் மேல் மெட்டு எங்கே உட்காருகிறது என்றும் கவனித்துவிட்டால், அலுப்பு என்ற பேச்சே வராது.

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையில் ரோடியோ என்று ஒரு சின்ன ஊர். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையை ஒட்டி வளர்ந்த ஊர். குழுவின் பாடகரும் கிட்டார்காரருமான பில்லி ஜோ ஆர்ம்ஸ்ட்ராங் 1972-ல் பிறந்து அங்கேதான் வளர்ந்தார். அப்பா லாரி ஓட்டியவர், ஜாஸ் இசையும் வாசித்தவர். 1982 செப்டம்பரில் புற்றுநோயால் இறந்துபோனார். பையனுக்கு வயது பத்து. அம்மா உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்தார். அவர் வாங்கிக் கொடுத்த ஃபெர்னாண்டஸ் கிட்டார், பெரிய பிராண்டு ஒன்றின் நகல், இன்றுவரை மகனோடு இருக்கிறது. 'ப்ளூ' என்று அதற்குப் பெயர். உடம்பெல்லாம் ஸ்டிக்கரோடு மேடைகளில் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

அதே வயதில் பள்ளியில் கிடைத்த நண்பர்தான் மைக் டர்ன்ட், பேஸ் வாசிப்பவர். அவருடைய வீட்டு நிலைமை இன்னும் மோசம். ஒரு கட்டத்தில் தன் லாரியிலேயே படுத்து எழுந்தார், பிறகு ஆர்ம்ஸ்ட்ராங் வீட்டிலேயே வாடகைக்கு ஓர் அறை எடுத்துத் தங்கினார். இருவரும் சேர்ந்து 'ஸ்வீட் சில்ட்ரன்' என்ற பெயரில் தொடங்கிய குழு 1987 அக்டோபரில் முதல் கச்சேரி செய்தது. இடம், வலெஹோ நகரில் பில்லியின் அம்மா வேலை பார்த்த அதே உணவகம், ராட்ஸ் ஹிக்கரி பிட். 1989 வாக்கில் பெயர் 'கிரீன் டே' ஆயிற்று. கஞ்சா புகைத்தே கழிக்கும் நாள் என்று பொருள். பெயர் வைத்தபோது இருவரும் பதினேழு வயதுப் பையன்கள், அவ்வளவுதான் விஷயம்.

இப்போது உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன்: பங்க்கா, இல்லையா என்ற சண்டை. இதைப் புரிந்துகொள்ள பெர்க்லியில் கில்மன் தெரு 924-ஆம் எண் கட்டடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1986-ன் கடைசி நாளில் திறந்த சின்ன இசை அரங்கு அது. எல்லா வயதினரும் வரலாம். நடத்துவது முழுக்கத் தன்னார்வலர்கள். குடி, போதை, அடிதடி, இனவெறி, பெண்களை இழிவு செய்வது, ஓரினச்சேர்க்கையாளர்களைக் கேவலப்படுத்துவது எதுவும் உள்ளே நடக்கக் கூடாது. இந்த விதிகள் கதவருகே எழுதியே வைக்கப்பட்டன. இன்னொரு விதியும் உண்டு: பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்ட குழு அங்கே வாசிக்க முடியாது.

மெட்டுள்ள பாட்டை வேகமாகவும் சத்தமாகவும் வாசிக்கும் பழக்கத்தை கிரீன் டே அந்த அறையில்தான் கற்றுக்கொண்டது. அதே வட்டாரத்தைச் சேர்ந்த லாரி லிவர்மோர் 'லுக்அவுட்' என்ற சிறிய லேபிளை, அதாவது இசைத்தட்டு வெளியிடும் நிறுவனத்தை, நடத்திவந்தார். மலைப்பகுதியில் யாரோ வைத்த ஒரு விருந்தில் இந்தப் பையன்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் முன்னால் ஜெனரேட்டர் மின்சாரத்தில் வாசித்ததைப் பார்த்துவிட்டு, ஒரு ரெக்கார்டு போடுகிறேன் என்றார். 1990-ல் வந்த '39/ஸ்மூத்' முதல் முழு ஆல்பம், சில நாட்களில் சொற்பக் காசில் பதிவு செய்தது. அதில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் காதல் தவிப்புதான். நூலகத்தில் பார்த்த பெண், பேசத் துணிவில்லாத பையன், இப்படி. அரசியல் பேசிக்கொண்டிருந்த ஒரு கூட்டத்தின் நடுவில் நின்று இதைப் பாடியதற்கே தைரியம் வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

முதல் டிரம்மர் ஜான் கிஃப்மேயர் கல்லூரிக்குப் போய்விட, 1990 கடைசியில் ட்ரே கூல் வந்து சேர்ந்தார். லிவர்மோரின் சொந்தக் குழுவில் பன்னிரண்டு வயதிலேயே டிரம்ஸ் வாசித்தவர். அந்தப் பட்டப்பெயரும் லிவர்மோர் வைத்ததுதான். ட்ரேயின் அப்பா பழைய நடமாடும் நூலக வண்டி ஒன்றை மாற்றியமைத்து, குழுவை ஏற்றிக்கொண்டு தானே ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். பையன் பங்க் குழுவில் சேர்ந்துவிட்டானே என்று தலையில் கை வைக்காமல் ஸ்டியரிங்கில் கை வைத்த அப்பா!

ட்ரே சேர்ந்த பிறகு வந்த 'கெர்ப்ளங்க்' ஆல்பத்தில் வித்தியாசம் உடனே தெரியும். அதிலிருக்கும் 'வெல்கம் டு பாரடைஸ்' பாட்டை இரண்டு வருஷம் கழித்து 'டூக்கி' ஆல்பத்துக்காக மறுபடியும் பதிவு செய்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். வீட்டை விட்டு வெளியேறி, ஓக்லாந்தின் பாழடைந்த பகுதியில் ஒரு கட்டடத்தில் தங்கிய அனுபவம் அந்தப் பாட்டு. முதலில் பயந்து அம்மாவை நினைக்கிறான், போகப்போக அந்த இடத்தையே வீடு என்கிறான். மெட்டும் கார்டும் இரண்டு பதிவிலும் ஒன்றுதான். நடுவில் பாட்டு சட்டென்று இருண்டு, பேஸ் ஒரு பதற்றமான சரத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கும் இடம் இருக்கிறது. பழைய பதிவில் அது கொஞ்சம் கலங்கலாகக் கேட்கும். புதியதில் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக நெஞ்சில் இடிக்கும்.

1993-ல் வார்னர் குழுமத்தின் ரிப்ரைஸ் லேபிளோடு கையெழுத்துப் போட்டார்கள். கில்மன் கதவு அன்றோடு சாத்தப்பட்டது. 'விலைபோய்விட்டார்கள்' என்ற பேச்சு அங்கேதான் ஆரம்பம், இன்னும் ஓயவில்லை. என்னைக் கேட்டால் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. 1991-ல் நிர்வாணா என்ற ராக் குழு பெரிய அளவில் வென்ற பிறகு, நிறுவனங்கள் ஊர் ஊராக வலை வீசிக்கொண்டிருந்தன. தன்னார்வலர்கள் கட்டி எழுப்பிய சின்ன இடம் அவர்களுக்கு ஆள்பிடிக்கும் களமாக மாறிவிடும் என்ற பயம் வீண்பயம் அல்ல. மறுபக்கம், பில்லி ஜோ பள்ளிப் படிப்பைப் பதினெட்டு நிறையும் முன்பே விட்டவர். இசையைத் தவிரக் கைத்தொழில் கிடையாது. கச்சேரிக்கு வருகிற கூட்டமும் கில்மன் போன்ற அறைகளுக்குள் அடங்காத அளவுக்கு ஏற்கெனவே பெருகியிருந்தது.

இதில் ஒரு விசித்திரம். சொன்ன கணக்கைச் சரியாகக் கொடுப்பது சின்ன லேபிள்தான், பெரிய கம்பெனி ஏமாற்றும் என்பதே அந்த வட்டாரத்தின் நம்பிக்கை. ஆனால் 2005-ல் கிரீன் டே தன் முதல் ஆல்பங்களை லுக்அவுட்டிடமிருந்து திரும்ப எடுத்துக்கொண்டது, ராயல்டி பாக்கி என்ற காரணத்துக்காக. அந்த அடிக்குப் பிறகு லுக்அவுட் எழுந்திருக்கவே இல்லை. லிவர்மோர் அதற்கு வெகு முன்பே அங்கிருந்து விலகிவிட்டார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

சரி, 'டூக்கி'. 1994 பிப்ரவரி 1-ல் வெளிவந்தது. தயாரித்தவர் ராப் கவல்லோ, பதிவு பெர்க்லியின் ஃபேன்டஸி ஸ்டுடியோவில், ஏறக்குறைய மூன்று வாரம். முதலில் செய்த மிக்ஸ் (தனித்தனியாகப் பதிந்த ஒலிகளைக் கலப்பது) பிடிக்காமல், ஜெரி ஃபின் என்ற இளைஞரை வைத்து மறுபடியும் மிக்ஸ் செய்தார்கள். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருஷம் கழித்து பிளிங்க்-182 குழுவின் மிகப் பெரிய ஆல்பத்தைத் தயாரித்தவரும் இவரேதான். பாப் பங்க், அதாவது மெட்டு தூக்கலான பங்க், என்றால் நம் காதுக்குச் சட்டென்று நினைவு வரும் அந்த நெருக்கமான, எதிரொலி குறைந்த ஒலி பெரும்பாலும் இவர் கைவண்ணம்.

'லாங்வியூ' பாட்டைப் போடுங்கள். முதலில் கேட்பது டிரம்ஸும் பேஸும்தான். ட்ரே டாம் டிரம்களில் ஆடி அசைகிற ஒரு நடையைப் பிடிக்கிறார். நேர்நேராக அடிக்கும் பங்க் நடை இல்லை, ஜாஸ் பக்கம் சாய்ந்த ஊசலாட்டம். அதன் மேல் மைக்கின் பேஸ் மேலும் கீழும் சோம்பலாக அலைகிறது. சரணம் முழுவதும் கிட்டார் கிடையாது! குரல், பேஸ், டிரம்ஸ், அவ்வளவுதான். வேலைவெட்டி இல்லாமல் சோபாவில் விழுந்து டிவி பார்த்துக்கொண்டு, சுய இன்பத்தில்கூட அலுப்புத் தட்டிப்போன ஒருவனின் பாட்டு இது. அந்த மந்தத்தைச் சொற்களைவிட பேஸ்தான் அதிகம் சொல்கிறது. பிறகு பல்லவியில் கிட்டார் இடி மாதிரி இறங்கும்போது, அவன் எழுந்து எதையோ உதைக்கிறான் என்று நமக்கே படும். வீடியோவும் அவர்கள் அப்போது குடியிருந்த கீழ்த்தள அறையிலேயே எடுத்தது. அந்த பேஸ் வரியை எல்எஸ்டி போதையில் சுவரோரம் உட்கார்ந்து கண்டுபிடித்ததாகவும், தெளிந்த பிறகு அதைத் திரும்ப வாசிக்கவே நாளாயிற்று என்றும் மைக் சொல்லியிருக்கிறார். போதையைப் புகழ்வதற்காகச் சொல்லவில்லை. பழகுகிறவர்கள் தெளிவான நிலையிலேயே அதை வாசித்துப் பாருங்கள், விரல் சிக்கிக்கொள்ளும்.

அடுத்தது 'பாஸ்கெட் கேஸ்'. மூன்று கார்டு என்ற குற்றச்சாட்டுக்கு இதிலேயே பதில் இருக்கிறது. சரணத்தில் மட்டும் ஐந்து வெவ்வேறு கார்டுகள் வருகின்றன. அவை போகும் வரிசையில் முதல் ஆறு படிகள், பதினேழாம் நூற்றாண்டு ஜெர்மானியர் பாகெல்பெல்லின் புகழ்பெற்ற 'கேனன்' வரிசையேதான். கல்யாண ஊர்வலத்துக்கு வாசிக்கிற அந்த இசைதான்! இறங்கி இறங்கி வந்து வீடு சேரும் வரிசை அது. எந்த மெட்டை வைத்தாலும் இனிக்கும். பில்லி ஜோ அதை உள்ளங்கையால் தந்தியை அமுக்கி, வேகமாக, மூச்சு விடாமல் அடிக்கிறார். பாட்டு தொடங்கும்போது ஒற்றைக் கிட்டாரும் குரலும் மட்டும். முதல் பல்லவி பாதி ஆன பிறகுதான் டிரம்ஸும் பேஸும் வந்து சேர்கின்றன. திடீர்ப் பதற்றத் தாக்குதல்களால் அவதிப்பட்டவர் அவர். எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா, மனம் என்னை ஏமாற்றுகிறதா என்ற கேள்வியைத் தனிக்குரலில் தொடங்கி, கேள்வி முற்றும் இடத்தில் குழுவை இறக்குகிறார். பேனிக் அட்டாக் என்ற பேச்சே பொதுவெளியில் அரிதாக இருந்த காலத்தில் அதை மூன்று நிமிஷப் பாட்டாக்கி, பதினான்கு வயதுப் பிள்ளைகளைக் கூடவே பாட வைத்தார்.

அதே பாட்டின் இரண்டாவது சரணத்தில் பாலியல் தொழிலாளி ஒருவரிடம் போகிறான். அவரைக் குறிக்கும் சொல் பெண்ணுக்குரியது போல ஒலிக்கும், அடுத்த வரியில் 'அவன்' என்று வரும். தெரிந்தே வைத்தது. 1995-ல் ஒரு பேட்டியில் பில்லி ஜோ, தான் இருபாலரையும் விரும்புபவன் என்று வெளிப்படையாகச் சொன்னார். 'டூக்கி' சுற்றுப்பயணத்தில் தங்களுக்கு முன்னால் வாசிக்க, தன்பால் ஈர்ப்பை வெளிப்படையாகப் பாடிய பான்சி டிவிஷன் குழுவைக் கூட்டிப்போனார்கள். சில ஊர்களில் கூட்டம் அந்தக் குழுவின் மேல் பொருள்களை வீசியது. ஆனாலும் மாற்றவில்லை. கில்மன் கதவு மூடிவிட்டது, ஆனால் கதவில் எழுதியிருந்ததை அவர்கள் மறக்கவில்லை என்பதற்கு இதைத்தான் சாட்சியாகச் சொல்வேன்.

அந்த வருஷம் ஆகஸ்டில் நடந்த உட்ஸ்டாக் விழாவை யூடியூபில் பார்த்திருப்பீர்கள். மழையில் மைதானம் சேறாகிவிட்டது. கூட்டம் மேடையை நோக்கிச் சேற்றை வீச, பில்லி ஜோ திருப்பி வீச, ஒரே களேபரம். மேடை ஏறிய ரசிகன் என்று நினைத்துப் பாதுகாவலர் ஒருவர் மைக் டர்ன்ட்டை இடித்துத் தள்ளியதில் அவருக்குப் பல் உடைந்தது. பில்லி ஜோவுக்கு அம்மாவிடமிருந்து கண்டித்துக் கடிதம் வந்தது. அப்பா இருந்திருந்தால் வெட்கப்பட்டிருப்பார் என்று. உலகம் அவரை நட்சத்திரமாக்கிய அதே சமயத்தில்! 'டூக்கி'க்குக் கிராமி கிடைத்தது. அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிகளைத் தாண்டி, 2024-ல் இரண்டு கோடிக்கான சான்றிதழும் வந்தது.

இதற்குப் பிறகு வந்த 'இன்சோம்னியாக்' (1995) கோபமான ஆல்பம். பில்லி ஜோவுக்குக் கைக்குழந்தையால் தூக்கம் கெட்டது ஒரு பக்கம், பழைய நண்பர்கள் முகம் திருப்பிக்கொண்டது மறுபக்கம். '86' என்ற பாட்டு கில்மனுக்குத் திரும்பிப் போனால் கிடைக்கும் வரவேற்பைப் பற்றியதே. விற்பனை 'டூக்கி'யின் பக்கத்தில்கூட வரவில்லை. எனக்கு இன்றும் பிடித்த ஆல்பம் இது, ஆனால் புதிதாகக் கேட்பவர் இதில் தொடங்க வேண்டாம். ஒரே மூச்சில் கேட்டால் களைப்பாகிவிடும்.

'நிம்ராட்' (1997) அப்படியில்லை, பல பக்கம் ஓடுகிறது. வயலின், குழல்கள், பாடல் இல்லாத ஒரு கடற்கரை இசைத் துண்டு, எல்லாம் உண்டு. அதில்தான் 'குட் ரிடன்ஸ்' இருக்கிறது. தனி அகூஸ்டிக் (மின்சாரம் இல்லாத) கிட்டார், குரல், பின்னால் வயலின்கள். ட்ரேயும் மைக்கும் அதில் வாசிக்கவே இல்லை. என் கட்சிக்கு இது எதிர்ச்சாட்சி என்று நீங்கள் சொல்லலாம், ஒப்புக்கொள்கிறேன். தன்னை விட்டு ஈக்வடாருக்குப் போன காதலி மேல் இருந்த கடுப்பில் பில்லி ஜோ எழுதிய பாட்டு. 'டூக்கி'க்கு முன்பே கையில் இருந்தது, குழுவின் ஒலிக்கு ஒட்டாது என்று வருஷக்கணக்கில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். தலைப்பே 'தொலைந்தது சனியன்' என்கிற தொனிதான். ஆனால் அமெரிக்காவில் பள்ளி விடைபெறு விழாக்களில் எல்லாம் கண்ணீர் மல்க அதைத்தான் பாடுகிறார்கள். பாட்டின் தொடக்கத்தை உற்றுக் கேளுங்கள். இரண்டு முறை தப்பாக ஆரம்பித்து, வாய்க்குள் ஒரு கெட்ட வார்த்தையை முணுமுணுத்துவிட்டு, மூன்றாவது தடவைதான் சரியாகப் போகிறார். அதை வெட்டாமல் விட்டார்களே, அதுதான் பங்க்.

2000-ல் வந்த 'வார்னிங்' அகூஸ்டிக் கிட்டார் நிறைந்த, நிதானமான, நல்ல ஆல்பம். யாரும் பெரிதாக வாங்கவில்லை. அதற்குள் பிளிங்க்-182 போன்ற அடுத்த தலைமுறை வந்துவிட்டது. 2002-ல் இரு குழுக்களும் சேர்ந்து போன பயணத்தில், வழி காட்டிய கிரீன் டே முன்னால் வாசிக்க, பின்வந்த பிளிங்க் கச்சேரியை முடித்துவைத்தது. குழு கலைந்துவிடுமோ என்ற பேச்சும் இருந்தது. 2003-ல் புதிய ஆல்பத்துக்காகப் பதிவு செய்துவைத்த நாடாக்கள் ஸ்டுடியோவிலிருந்து திருட்டுப் போயின. மறுபடியும் அதையே பதிவு செய்யலாமா என்று கவல்லோவிடம் கேட்டபோது, உண்மையில் அது உங்களால் முடிந்ததில் மிகச் சிறந்ததா என்று திருப்பிக் கேட்டார். பதில் மூவருக்கும் தெரிந்திருந்தது.

'அமெரிக்கன் இடியட்' (2004) பிறந்த விதம் எனக்கு மிகவும் பிடித்த கதை. ஒருநாள் மற்ற இருவரும் வெளியே போயிருக்க, மைக் தனியாக ஸ்டுடியோவில் உட்கார்ந்து முப்பது வினாடிக்கு ஒரு துண்டுப் பாட்டு பதிவு செய்தார், விளையாட்டாக. திரும்பி வந்த பில்லி ஜோ அதோடு ஒட்டிக்கொள்ளும்படி இன்னொரு துண்டு செய்தார், ட்ரே ஒன்று சேர்த்தார். ஒருவரை ஒருவர் மிஞ்சப் பார்த்துக்கொண்டே போனதில் ஒன்பது நிமிஷப் பாட்டு ஒன்று உருவாயிற்று. அதுதான் 'ஹோம்கமிங்'. நடுவே மைக் ஒரு பகுதி பாடுவார், ட்ரே தன் பகுதியைப் பாடுவார். பேஸ்காரர் அலுப்பில் செய்த ஒரு விளையாட்டிலிருந்து ஒரு ராக் ஓபராவே, ஆல்பம் முழுக்க ஒரே கதை சொல்வது, முளைத்தது என்றால் நான் சும்மா விடுவேனா?

ஓபரா என்றதும் மிரள வேண்டாம். புறநகர்ப் பையன் ஒருவன் ஊரை வெறுத்து நகரத்துக்கு ஓடுகிறான். 'செயின்ட் ஜிம்மி' என்ற கலகக்காரனிடமும் பெயர் சொல்லப்படாத ஒரு பெண்ணிடமும் சிக்கி, கடைசியில் வெறுங்கையோடு வீடு திரும்புகிறான். ஈராக் போர், நாள் முழுவதும் அலறும் செய்தித் தொலைக்காட்சி, ஜார்ஜ் புஷ் மறுதேர்தல், இவையெல்லாம் பின்னணியில். 'ஜீசஸ் ஆஃப் சபர்பியா' ஒன்பது நிமிஷம் ஓடுகிறது, ஐந்து துண்டு. ஒவ்வொரு துண்டும் ஒரு தனிப் பாட்டுக்குப் போதும். வேகமாகத் தொடங்கி, தணிந்து, வெறிபிடித்து, மென்மையாகத் துள்ளி, கடைசியில் வீட்டைவிட்டு ஓடுகிறது. இத்தனைக்கும் கார்டுகள் எளியவைதான். துண்டிலிருந்து துண்டுக்குத் தாவும் இடங்களில் டிரம்ஸ் என்ன செய்கிறது என்று மட்டும் கவனியுங்கள். ஐந்து துண்டையும் சேர்த்துத் தைப்பது ட்ரேதான்.

அந்த ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் அவர்களுக்கு முதல் முறையாக முதலிடம் வாங்கித் தந்தது. சிறந்த ராக் ஆல்பத்துக்கான கிராமி 2005-ல், 'போலெவர்டு ஆஃப் புரோக்கன் ட்ரீம்ஸ்' பாட்டுக்கு ரெக்கார்ட் ஆஃப் தி இயர் 2006-ல். 'வேக் மி அப் வென் செப்டம்பர் எண்ட்ஸ்' (செப்டம்பர் முடிந்ததும் என்னை எழுப்பு) இரட்டைக் கோபுரத் தாக்குதலைப் பற்றியது என்று பலர் நினைக்கிறார்கள். அது பத்து வயதில் அப்பாவை இழந்த பையனின் பாட்டு. வீடியோவில் ஈராக்குக்குப் போகும் சிப்பாயின் கதையை வைத்ததும் குழப்பத்துக்கு ஒரு காரணம். ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் 30 வந்தால், எழுப்பிவிட்டீர்களா என்று இணையமே கேலி செய்கிறது. முதல் தடவை சிரிக்கலாம். பாவம், அவருக்கு அது அப்பா போன மாசம்.

2005 ஜூனில் இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் திடலில் இரண்டு நாள் கச்சேரி, மொத்தம் 1,30,000 பேர். இதை வைத்து வந்த 'புல்லட் இன் எ பைபிள்' பதிவைப் பாருங்கள். ஸ்டேடியம் எப்படி நிரம்புகிறது என்ற உங்கள் கேள்விக்கு அதில் விடை கண்ணெதிரே தெரியும். கச்சேரி முழுவதும் பில்லி ஜோ கூட்டத்தை விடுவதில்லை. பாட வைக்கிறார், கத்த வைக்கிறார். அந்தக் காலக் கச்சேரிகளில் கூட்டத்திலிருந்து மூன்று பேரை மேடைக்கு அழைத்து, ஆளுக்கொரு வாத்தியம் கொடுத்து வாசிக்கச் சொல்வார். வாசிக்கும் பாட்டு 'நாலெட்ஜ்', கில்மன் காலத்து ஆபரேஷன் ஐவி குழுவின் பாட்டு. எளிய கார்டுகள் என்று நாம் குறை சொல்வது இங்கேதான் பலமாக மாறுகிறது. நேற்று கிட்டார் பிடித்தவன்கூட மேடையேறி வாசித்துவிடலாம்.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். 2009-ன் '21ஸ்ட் செஞ்சுரி பிரேக்டவுன்' பதினெட்டுப் பாட்டு, பாதியை வெட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2010-ல் 'அமெரிக்கன் இடியட்' நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் இசை நாடகமாயிற்று. செயின்ட் ஜிம்மி வேஷத்தில் சில வாரம் பில்லி ஜோவே நடித்தார். 2012-ல் மூன்று மாதத்துக்குள் மூன்று ஆல்பம் போட்டார்கள். மூன்றிலிருந்தும் பொறுக்கினால் ஒரு நல்ல ஆல்பம் தேறும். அந்தச் சமயத்தில் லாஸ் வேகாஸ் விழா மேடையில், நேரத்தைக் குறைத்துவிட்டார்கள் என்று கொதித்து பில்லி ஜோ கிட்டாரை உடைத்ததும், உடனே மது, மாத்திரைப் பழக்கத்துக்குச் சிகிச்சைக்குப் போனதும் செய்தியாயின. 2015-ல் ராக் கலைஞர்களுக்கான கௌரவப் பட்டியலான ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது, தகுதி பெற்ற முதல் வருஷத்திலேயே.

அதே 2015 மே மாதத்தில் நடந்த இன்னொன்று அந்தக் கௌரவத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஓக்லாந்தில் தீ விபத்தில் பாதிக்கப்பட்ட ஒரு பதிப்பகத்துக்கும் அச்சகத்துக்கும் நிதி திரட்ட, கில்மன் தெரு அறையில் கிரீன் டே மறுபடியும் வாசித்தது. இருபது வருஷத்துக்கும் மேலாக மூடியிருந்த கதவு. பெரிய லேபிள் விதி அப்போதும் இருந்தது. உறுப்பினர்கள் இந்த ஒரு நிகழ்ச்சிக்கு விலக்கு கொடுத்தார்கள். பங்க்கா, இல்லையா என்று ஊரில் யார் வேண்டுமானாலும் வாதாடட்டும். தீர்ப்புச் சொல்ல உரிமை உள்ளவர்கள் அந்த அறைக்காரர்கள்தான்.

2020-ன் 'ஃபாதர் ஆஃப் ஆல்' இருபத்தாறே நிமிஷம், அதுவே எனக்கு நீளமாகத் தெரிந்தது. 2024 ஜனவரியில் கவல்லோ திரும்பி வந்து தயாரித்த 'சேவியர்ஸ்' நல்ல மீட்சி. அந்த வருஷ ஸ்டேடியப் பயணத்தில் 'டூக்கி'யையும் 'அமெரிக்கன் இடியட்'டையும் முதல் பாட்டிலிருந்து கடைசிவரை, ஒரே இரவில், முழுசாக வாசித்தார்கள். ஐம்பதைத் தாண்டிய மூன்று பேர்! கூடவே பல வருஷமாக மேடையில் இரண்டாவது கிட்டார் வாசிக்கும் ஜேசன் வைட்டும்.

எங்கே தொடங்குவது என்றால், 'டூக்கி'யை முதலில் போடுங்கள். ஹெட்போனில், முடிந்தால் பேஸைக் கொஞ்சம் தூக்கி வைத்து. மூன்றாம் நாள் 'அமெரிக்கன் இடியட்', ஷஃபிள் போடாமல், வரிசையாக. பிறகு 'நிம்ராட்', 'கெர்ப்ளங்க்'. இவை பிடித்தால் 'இன்சோம்னியாக்', 'வார்னிங்'. 2012-ன் மூன்று ஆல்பங்களையும் கடைசிக்குத் தள்ளி வையுங்கள், கேட்காமலே விட்டாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அப்புறம், கிட்டார் பழகுகிறவராக இருந்தால் ஒரு விஷயம்: 'டூக்கி' பாட்டுகளுக்கு எல்லாத் தந்தியையும் அரை சுரம் இறக்கிக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் ரெக்கார்டோடு சேர்ந்து வாசிக்கும்போது ஒட்டாது, குறை உங்கள் காதில் என்று நினைத்துக்கொள்வீர்கள்.